ஒரு தகர டின், கொஞ்சம் களிமண், நிறைய காற்று: விறகைப் பாதிக்கு மேல் மிச்சப்படுத்தும் அடுப்பு கட்டுவது எப்படி

விறகு அடுப்பு கட்டப்போகிறேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி "எந்த மண்?" என்பதுதான். நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். களிமண்ணும் மணலும் சேர்த்துக் குழைத்து ஒரு சாண் தடிமனுக்குச் சுவர் எழுப்பினேன், இனிமேல் சூடு எங்கே போகும் பார்க்கலாம் என்ற தெம்போடு பற்றவைத்தேன். அரைப் பாத்திரம் தண்ணீர் கொதிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சமையல் முடிந்து, சாப்பிட்டு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு சுவரில் கை வைத்துப் பார்த்தால் கணகணவென்று இருந்தது. பாத்திரத்துக்குப் போக வேண்டிய சூட்டை அந்தச் சுவர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

கனமான மண் சூட்டை உறிஞ்சும். சூட்டைத் தடுப்பது காற்று, அதுவும் அசையாமல் சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டுக் கிடக்கும் காற்று. கம்பளி குளிரைத் தடுப்பதும் இதனால்தான். ஆகவே கீழே சொல்லப்போகும் அடுப்பில் நாம் உண்மையில் கட்டுவது காலி இடங்களை: நெருப்பைச் சுற்றி ஒன்று, பாத்திரத்தைச் சுற்றி ஒன்று. தகரம், மண் எல்லாம் அந்தக் காலி இடம் கலையாமல் பிடித்து வைக்க மட்டுமே.

விறகு எங்கே வீணாகிறது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடலாம், பிறகு எந்த அளவையும் ஏன் அப்படி வைக்கிறோம் என்று புரியும். 5 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.57 மெகாஜூல் (சூட்டை அளக்கும் அலகு) சூடு வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 16 மெகாஜூல் இருக்கிறது. அப்படியென்றால் 5 லிட்டர் கொதிக்க 100 கிராம் விறகு போதும். கையில் எடுத்தால் நாலைந்து சுள்ளி. ஆனால் மூன்று கல் வைத்துத் திறந்தவெளியில் எரித்தால் முக்கால் கிலோவுக்கு மேல் ஆகிவிடுகிறது.

மீதி எல்லாம் எரியாமல் போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திறந்த நெருப்பிலும் விறகில் இருக்கும் சக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் சூடாக மாறிவிடுகிறது. அந்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ, சற்றுக் கூடவோதான் பாத்திரத்துக்குள் ஏறுகிறது. மற்றது பக்கவாட்டில், மேலே, காற்றோடு என்று போய்விடுகிறது. எனவே விறகை மிச்சப்படுத்த வேண்டுமானால் சூட்டைப் பாத்திரத்தில் ஏற்றுவதில்தான் வேலை இருக்கிறது. புகையைக் குறைக்க வேண்டுமானால் எரியும் அறையைச் சரிசெய்ய வேண்டும். இரண்டும் தனித்தனி வேலை. பல அடுப்புகள் இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நின்றுவிடுகின்றன.

இரண்டையும் சேர்த்துச் செய்யும் வடிவம் ஒன்று உண்டு, ராக்கெட் அடுப்பு என்பார்கள். 1980-களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அப்ரொவெச்சோ என்ற ஆய்வு மையத்தோடு வேலை பார்த்த லாரி வினியார்ஸ்கி வகுத்தது. ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி வளைந்த ஒரு வழி, அவ்வளவுதான்: படுத்திருக்கும் பக்கத்தில் விறகும் காற்றும் போகும், நிமிர்ந்திருக்கும் பக்கத்தில் தீ மேலே ஏறும். சூடான காற்று மேலே ஏறுவதால் அடியில் புதுக் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும், ஊத வேண்டியதில்லை.

என்னென்ன வேண்டும்?

18 முதல் 20 லிட்டர் பிடிக்கும் சதுரத் தகர டின் ஒன்று, ஏறக்குறைய 23 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் இருப்பது. சமையல் எண்ணெய் வந்த டின் என்றால் நல்லது. பூச்சிமருந்து, பெயின்ட், பெட்ரோல் இருந்த டின்னைத் தொடவே வேண்டாம். கழுவினாலும் உள்ளே தங்கிய ஆவி, வெட்டும்போதே தீப்பிடிக்கலாம்.

அப்புறம் களிமண், மரத்தூள், ஒரு வாளி நிறையச் சலித்த விறகுச் சாம்பல், 30 செ.மீ. சதுரத்தில் ஒரு இரும்புத் தகடு, பாத்திரத்தைச் சுற்றி வளைக்க இன்னொரு நீளத் தகடு, கொஞ்சம் கட்டுக்கம்பி. கருவிகளில் தகடு வெட்டும் கத்தரி, உளி, சுத்தியல், அளவு நாடா, தடிமனான கையுறை. கையுறையைக் கடைசியில் எழுதியதால் அலட்சியமாக விடவேண்டாம், வெட்டிய தகர விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன்: தீ படும் இடத்தில் துத்தநாகம் பூசிய தகடு கூடாது. பளபளவென்று பூப்பூவாகத் தெரியுமே, அது. நல்ல சூட்டில் துத்தநாகம் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். சிமென்டும் நெருப்பு அறைக்கு ஆகாது, சில நாளில் வெடித்துப் பொடியாகும்.

மிதக்கும் கல்

நெருப்பு அறையையும் வெறும் தகரத்தால் செய்யலாம், அரை நாளில் வேலை முடியும். ஆனால் மெல்லிய தகரம் அந்தச் சூட்டில் சில மாதங்களில் அரித்து ஓட்டையாகிவிடும். சாதாரணச் செங்கல் நீடிக்கும், ஆனால் என் பழைய சுவர் செய்த வேலையைத்தான் அதுவும் செய்யும். நமக்கு வேண்டியது சூட்டையும் தாங்கி, எடையும் இல்லாத கல். அதைக் களிமண்ணில் மரத்தூள் கலந்து நாமே செய்யலாம். சுடும்போது தூள் எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளையாக நிற்கும்.

களிமண்ணைக் காயவைத்து, பொடித்து, கல் போகச் சலியுங்கள். கலவை விகிதத்தை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, மண்ணுக்கு மண் மாறும். அதனால் முதலில் சோதனைத் துண்டுகள் செய்யுங்கள்: ஒரு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு தூள், ஒன்றரைப் பங்கு, இரண்டு பங்கு என்று மூன்று. ஒவ்வொரு துண்டிலும் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறி வையுங்கள். நிழலில் ஒரு வாரம் காயட்டும். வெயிலில் வைத்தால் மேல்புறம் முதலில் இறுகி விரிசல் விடும். காய்ந்ததும் சூளையில் கொடுத்துச் சுடுங்கள், சூளை கிடைக்காவிட்டால் குழியில் அடுக்கிச் சுற்றிலும் விறகு போட்டு மெதுவாகச் சூடேற்றிச் சுடலாம்.

சுட்டதும் இரண்டு விஷயம் பாருங்கள். நகத்தால் அழுத்திக் கீறினால் மாவாக உதிரக் கூடாது. தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டு மூழ்கினால் பரவாயில்லை, போட்ட உடன் மிதந்தால் போதும். சுட்ட மண் மிதப்பதை முதல்முறை பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும், சொல்லித் தெரியாது. உதிராமல் மிதக்கும் துண்டுகளில் எது மிக லேசோ அதுதான் உங்கள் கலவை. அந்த ஆணிக் கோட்டையும் அளந்துவிடுங்கள். 10 செ.மீ. இப்போது 9.2 என்றால், 18 செ.மீ. கல் வேண்டுமானால் அச்சு 19.6 செ.மீ. இருக்க வேண்டும்.

நான் இந்தக் கோட்டைக் கீற மறந்து ஒரு தொகுதி முழுக்கச் சுட்டேன், எல்லாம் ஒன்றரை செ.மீ. குறைவாக வந்தன. அவற்றை இப்போது பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சுட்ட பிறகு இருக்கவேண்டிய அளவுகள் இவை, எல்லாம் 4 செ.மீ. தடிமன்:

அடி வரிசை, 10 செ.மீ. உயரம்: 18 செ.மீ. நீளக் கல் ஒன்று (பின்பக்கம்), 14 செ.மீ. நீளக் கல் இரண்டு (இரு பக்கமும்). முன்பக்கம் திறந்திருக்கும், அதுதான் அடுப்பின் வாய்.
நடு வரிசையும் மேல் வரிசையும், 9 செ.மீ. உயரம்: வரிசைக்கு 18 செ.மீ. கல் இரண்டு (முன், பின்), 10 செ.மீ. கல் இரண்டு (பக்கங்கள்).
தரை: 18 செ.மீ. சதுரம், 3 செ.மீ. தடிமன், ஒன்று.

அடுக்கினால் உள்ளே 10-க்கு 10 செ.மீ. சதுரத்தில் 28 செ.மீ. உயரக் குழல் கிடைக்கும். உயரம் அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இதைக் குறைத்தால் வாயு எரிந்து முடிவதற்குள் தீ குளிர்ந்த பாத்திரத்தில் மோதும், கரி அப்பும், புகை வரும். கூட்டினால் இழுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பாத்திரத்தை அடைவதற்குள் சூடு இறங்கிவிடும். விறகிலிருந்து கிளம்பும் வாயு எரிய ஏறக்குறைய 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டை விடாமல் பிடித்து வைக்கத்தான் இந்த மிதக்கும் கல்லுக்கு இவ்வளவு பாடு.

இவ்வளவு பொறுமை இல்லை என்பவர்கள் தொழிற்சாலை உலைகளுக்கு விற்கும் எடை குறைந்த வெப்பக்காப்புச் செங்கல்லை வாங்கி அறுத்துக்கொள்ளலாம். செலவு ஏறும், ஆனால் வேலை ஒரே நாள்.

டின்னை வெட்டுவதும் அடுக்குவதும்

டின்னின் மேல்மூடியை முழுதாக வெட்டி எடுங்கள். முன்பக்கத்தில், அடியிலிருந்து 7 செ.மீ. விட்டு, நடுவாக 10-க்கு 10 சதுரம் வரைந்துகொள்ளுங்கள். அதை அப்படியே வெட்டி எடுக்காமல் மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி வெட்டி, நான்கு முக்கோணத்தையும் உட்புறமாக மடக்கினால் விளிம்பு கையைக் கிழிக்காது.

வாய்க்குழல்: 42-க்கு 7.5 செ.மீ. தகட்டை 10 செ.மீ. பக்கம் உள்ள சதுரக் குழாயாக மடித்து, கூடுதலான 2 செ.மீ.யை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் கம்பியால் கட்டுங்கள். இது டின்னுக்கு உள்ளே இரண்டரை செ.மீ. போய்க் கல்லைத் தொட்டு நிற்கும், வெளியே ஐந்து செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் பிறகு கொட்டும் சாம்பல் எல்லாம் வாய் வழியாக ஓடிவிடும்.

டின்னின் அடியில் 4 செ.மீ. உயரத்துக்குச் சாம்பல் போட்டு, தரைக் கல்லை அதன்மேல் மட்டம் பார்த்து வையுங்கள். கொஞ்சம் அமுங்கும், இன்னும் கொஞ்சம் சாம்பல் போட்டுச் சரிசெய்யுங்கள். பிறகு அடி வரிசை: பின்கல், அதை ஒட்டி முன்னோக்கி இரண்டு பக்கக் கல். வாய்க்குழலைச் செருகுங்கள். நடு வரிசையின் முன்கல் வாய்க்கு மேலே பாலம் மாதிரி இரண்டு பக்கக் கல்லின் முனையிலும் உட்காரும். இணைப்புகளில் அதே களிமண் கலவையைத் தண்ணீராகக் கரைத்துத் தடவினால் போதும், அப்பிப் பூச வேண்டாம்.

அடுக்கி முடித்ததும் கல்லுக்கும் தகரத்துக்கும் நடுவே சுற்றிலும் இரண்டரை செ.மீ. இடைவெளி இருக்கும். அதில் சாம்பலைக் கொட்டுங்கள். சாம்பல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், கரித்துண்டு இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருக்கும். இங்கே கை துறுதுறுக்கும், குச்சியால் குத்திக் கெட்டியாக்கத் தோன்றும். குத்தாதீர்கள். டின்னின் பக்கத்தை லேசாகத் தட்டினால் தானே இறங்கும், அதற்கு மேல் அழுத்தினால் உள்ளே பிடித்து வைத்த காற்றை நாமே வெளியேற்றுகிறோம்.

மேலே 30 செ.மீ. தகடு, நடுவில் 10-க்கு 10 ஓட்டை. குழலின் வாயோடு ஓட்டை சரியாகப் பொருந்த வேண்டும்.

விறகுத் தட்டு

பலர் விட்டுவிடும் பாகம் இது. சற்றுத் தடிமனான தகட்டை 16-க்கு 11.5 செ.மீ. வெட்டி, இரு பக்கமும் 3 செ.மீ. கீழ்நோக்கி மடித்தால் குட்டி மேசை மாதிரி ஆகும். இதை வாய்க்குழலுக்குள் தள்ளினால் அதன் உள்முனை குழலின் விளிம்போடு நிற்கும். விறகு இதன்மேல், காற்று இதன் கீழே. தட்டு இல்லாமல் விறகைத் தரையில் போட்டால் வாய் அடைத்துக்கொள்ளும், காற்று விறகுக்கு மேலே நுழைந்து தீயைத் தொடாமலேயே ஓடி, ஏறும் சூட்டையும் ஆற்றிவிடும். தட்டுக்குக் கீழே போகும் காற்று சூடாகி, எரியும் நுனிகளுக்கு நேர் அடியில் போய்ச் சேருகிறது.

கீழே உள்ள அந்த மூன்று செ.மீ. சந்தில் ஒரு குச்சிகூடச் செருகக் கூடாது, வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

பாத்திரத்தின் பாவாடை

விறகு மிச்சமாவதில் பாதிக்குமேல் இங்கேதான். முதலில் பாத்திரம் எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும்? குழலின் பரப்பு 10 × 10 = 100 சதுர செ.மீ. தீ போகும் வழியெங்கும் இந்தப் பரப்பு மாறாமல் இருந்தால் இழுப்பு தடைபடாது, சூடும் சிதறாது. குழல் வாயின் சுற்றளவு 40 செ.மீ., 100-ஐ 40-ஆல் வகுத்தால் 2.5. ஆகவே தகட்டுக்கு மேலே 2.5 செ.மீ. உயரத்தில் பாத்திரம். அதே கல்லில் மூன்று துண்டு அறுத்து வைக்கலாம், ஆனால் அவை தகட்டின்மேல், உள்ளே கல் இருக்கும் இடத்துக்கு நேராக நிற்க வேண்டும். சாம்பல் இருக்கும் இடத்தில் வைத்தால் கனமான பாத்திரம் தகட்டை அமுக்கிவிடும்.

அடுத்து பாத்திரத்தின் பக்கம். 24 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தின் சுற்றளவு 75 செ.மீ. 100-ஐ 75-ஆல் வகுத்தால் 1.3 செ.மீ. பாத்திரத்தைச் சுற்றி இந்த விரலளவு சந்து விட்டு ஒரு தகட்டை வளைத்து நிறுத்த வேண்டும். இதைத்தான் பாவாடை என்கிறேன். விட்டம் 26.6 வரும், அதற்கு 84 செ.மீ. நீளம், கட்டுவதற்கு இன்னும் 3 செ.மீ. உயரம் பாத்திரத்தின் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே வரை. உங்கள் பாத்திரம் வேறு அளவு என்றால் இதே வகுத்தலைப் போட்டுக்கொள்ளுங்கள், சந்து மாறும்.

பாவாடை இல்லாவிட்டால் சூடான வாயு பாத்திரத்தின் அடியை மட்டும் தடவிவிட்டுக் காற்றோடு போய்விடும். சந்து அகலமாக இருந்தாலும் அதே கதிதான், வாயு நடுவில் ஓடும், பாத்திரத்தை உரசாது. 1.3-இல் ஆரம்பித்து, கம்பியை இறுக்கி ஒரு செ.மீ. வரை குறைத்துப் பாருங்கள். அடுப்பு வாய் வழியே புகை திரும்பி வந்தால் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். இந்த ஒரு தகட்டுக்காகவே ஒரே பாத்திரத்தில் சமைக்கப் பழகிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. நாலு பாத்திரம் மாற்றி மாற்றி வைப்பவர்கள் அளவுக்கு ஒன்றாகச் செய்து வைத்துக்கொள்ளட்டும்.

பற்றவைப்பதும் எரிப்பதும்

முதல் நாள் சின்னத் தீயாக ஒரு மணி நேரம் எரியவிட்டு நிறுத்துங்கள். இணைப்புகளிலும் கல்லிலும் ஈரம் இருக்கும். ஒரேயடியாகக் கொளுத்தினால் விரிசல் நிச்சயம். மயிரிழை விரிசல் வந்தால் கவலை வேண்டாம், சாம்பல் பிடித்துக்கொள்ளும்.

சுள்ளியைக் குழலின் அடியில் போட்டுப் பற்றவைத்து, நன்றாகப் பிடித்ததும் கட்டைவிரல் தடிமனுள்ள விறகு மூன்றோ நாலோ தட்டின்மேல் வையுங்கள். நுனி மட்டும் எரிய வேண்டும். எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இதுதான் இந்த அடுப்பின் ஒரே தொல்லை, பெரிய கட்டையைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாது. ஆனால் தீயைக் கூட்டிக் குறைப்பது சுலபம்: கொதி வந்ததும் இரண்டு விறகை வெளியே இழுத்துவிட்டு ஒன்றிலேயே வேகவைக்கலாம்.

தடித்த விறகைப் பிளந்துகொள்ளுங்கள். ஈர விறகு வேண்டவே வேண்டாம். பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும், ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் 2.26 மெகாஜூலுக்கு மேல் செலவாகிறது. நீங்கள் சமைப்பதற்கு முன்னால் விறகைச் சமைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

புகை குறையும், இல்லாமல் போகாது. வீடுகளுக்குள் அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே திறந்த இடத்திலோ, எதிரெதிரே ஜன்னல் உள்ள இடத்திலோ வையுங்கள். சமைத்து முடித்ததும் கனியும் தணலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு வரும், அணைக்காமல் மூடிய அறையில் விடக் கூடாது. கிண்டிக் கிளறும் சமையலுக்கு டின்னைச் சுற்றிச் செங்கல் அடுக்கி ஆடாமல் நிறுத்துங்கள்.

சரியாக வேலை செய்கிறதா?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எடை போட வேண்டும். ஒரு கிலோ விறகை நிறுத்து வைத்துக்கொண்டு, மூடி போட்ட பாத்திரத்தில் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மீதி விறகைத் திரும்ப நிறுங்கள். மூன்று தடவை செய்யுங்கள், ஒரு தடவை காற்று கெடுக்கும், இன்னொரு தடவை உங்கள் கை. அதே விறகு, அதே பாத்திரத்தோடு மூன்று கல்லிலும் செய்து பாருங்கள். 350 கிராமுக்குள் கொதித்தால் அடுப்பு நன்றாக இருக்கிறது.

கொதிக்க நேரமாகிறது, ஆனால் வாயில் புகை இல்லை என்றால் பாவாடைச் சந்து அகலம். வாயில் புகை வருகிறதென்றால் முதலில் விறகைக் குறையுங்கள். அப்படியும் வந்தால் பாத்திரத்தின் அடிச் சந்தைச் சற்று உயர்த்துங்கள். பாத்திரத்தில் பிசுபிசுப்பான கரி அப்பினால் விறகு ஈரம், அல்லது நுனிக்குப் பதில் நடுவில் எரிகிறது. தகரத்தின் வெளிப்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் நீலம் பாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் சாம்பல் இறங்கிவிட்டது.

அது எல்லா அடுப்பிலும் நடக்கும். முதல் இரண்டு வாரம் கழித்து மேல்தகட்டைத் தூக்கிப் பாருங்கள், ஓரங்களில் நாலு விரல் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். அந்த இரண்டு வாரத்தில் எரிந்த சாம்பலையே சலித்து அதில் போட்டு நிரப்பிவிடலாம்.